மைமூனா கொண்டுபோன மூடி

கெட்டி ரப்பரில் செய்த எபோனைட் பேனாவை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும்போது ஒரு வாடை வருமே, அதுதான் லேசாக வரும். எனக்கு அது நாங்கள் குடியிருந்த காஜா பேராங்கின் வாடை... மலாய்க்காரர்கள் மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்த வருஷத்தின் வாடை.

எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி மைமூனா இருந்தாள். என் வயதுதான். அவளுடைய வாப்பா ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பேனா, தாள் விற்கிற கடை வைத்திருந்தார். மெட்ராஸிலிருந்து கப்பலில் பேனா வரவழைப்பார். எல்லாம் கையாலேயே கடைந்தவை. பச்சையும் கறுப்பும் கலந்து நெளிநெளியாகக் கோடு ஓடும்.

"நம்ம ரப்பருதான் கப்பலேறிப் போயி பேனாவா திரும்பி வருது" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். உண்மையோ பொய்யோ, கேட்க எங்களுக்குப் பெருமையாக இருக்கும்.

எங்கள் பக்கத்து டாக்டரின் சட்டைப் பையில் சீமைப் பேனா மின்னும். நாங்கள் இரண்டு பேரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். வாங்க வக்கில்லை என்பது வேறு விஷயம்!

எங்கள் பேனாவுக்குச் சேட்டை அதிகம். கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக மை ஊற்ற வேண்டும். மை குறையக் குறையக் கைச்சூட்டுக்கே கக்கிவிடும். சனிக்கிழமையானால் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து, புதிதாக வந்த பேனாக்களைக் கழுவி, மை ஊற்றி, தாளில் சுழித்துச் சுழித்து எழுதிப் பார்ப்போம். விரலெல்லாம் நீலம். அந்தக் கையோடு சோற்றில் கை வைத்து அம்மாவிடம் வாங்கிய திட்டு இருக்கிறதே...

ஒரு பேனாவின் மூடி இன்னொன்றுக்குப் பொருந்தாது. கையால் போட்ட மரை, ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. மூடிகள் கலந்துவிட்டால் ஜோடி சேர்ப்பதற்குள் உயிர் போய்விடும்.

அதனாலேயே அந்தக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. கையெழுத்துப் போட யாராவது பேனா கேட்டால் மூடியைக் கழற்றித் தங்களிடம் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் நீட்டுவார்கள். மூடி இல்லாத பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போக முடியாதே!

அந்த வருஷக் கடைசியில், தற்காலிக ஆசிரியர் வேலைக்காகச் சிரம்பானில் எனக்கு எழுத்துப் பரீட்சை. கிளம்புகிற அன்றைக்குப் பார்த்து என் பேனா கீழே விழுந்து நிப்பு வளைந்துபோனது. மைமூனா தன்னுடையதை எடுத்தாள். அவள் மட்டுமே எழுதிப் பழக்கிய நிப்பு. சொந்தத் தம்பியைக்கூடத் தொட விடமாட்டாள். மை ஊற்றினாள். மூடியைக் கழற்றித் தலைத்துணி முனையில் முடிந்துகொண்டாள்.

"என்கிட்டயுமா இப்படி?" என்றேன்.

"ஒன்கிட்டதான் புள்ள. இல்லேன்னா நீ திரும்பி வர மாட்டே."

"பஸ்ஸுல மை காஞ்சு போயிடும் லா!"

"நிப்புல ஈரத்துணியைச் சுத்திக்க. எழுதிட்டு வெரசா வந்துடு."

அவர்கள் ஊருக்குப் போகப்போவது எனக்குத் தெரியும். சுதந்திரம் வந்த பிறகு இங்கே இருப்பதா, ஊருக்குப் போவதா என்று வீட்டுக்கு வீடு அதே பேச்சு. அவள் வாப்பா நாகூருக்கே திரும்புவதென்று முடிவெடுத்திருந்தார். ஆனால் நோன்புப் பெருநாள் கழித்துத்தான் கப்பல் என்றார்கள்.

பரீட்சை நன்றாக எழுதினேன். சிரம்பானில் பெரியம்மா "நாலு நாள் இருந்துட்டுப் போடி" என்று பிடித்து வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது மைமூனா வீடு பூட்டிக் கிடந்தது.

முந்தின கப்பலிலேயே இடம் கிடைத்துப் புறப்பட்டுவிட்டார்களாம். அம்மாதான் சொன்னாள். "அந்தப் புள்ள ரெண்டு தரம் வந்து பாத்துட்டுப் போச்சு. மூடியையாவது குடுத்துட்டுப் போம்மான்னேன். வேணாம் மாமி, அவளே வந்து கேக்கட்டும்னு சொல்லிடுச்சு."

வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். வேலை கிடைத்தது என்று தாள் வந்தபோதும் அழுதேன்.

நாகூரில் எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வருஷம் நாங்களும் உஜோங் பாசிருக்குக் குடி மாறிவிட்டோம். அவள் கடிதம் போட்டாளோ, அது பழைய வாசலில் கிடந்து நனைந்ததோ, யார் கண்டது?

அன்றிலிருந்து மெட்ராஸ் போகிறவர்களிடமெல்லாம் பேனா வாங்கிவரச் சொல்லுவேன். கறுப்பு, செம்மண் நிறம், பச்சை... இன்று மேசை இழுப்பறை நிறையப் பேனாக்கள். எது வந்தாலும் முதல் வேலை, அதன் மூடியை மைமூனாவின் பேனாவில் திருகிப் பார்ப்பதுதான். ஒரு சுற்று ஏறும். அப்புறம் நின்றுவிடும்.

ஒருமுறை நாகூருக்கே போய்த் தெருத் தெருவாக விசாரித்தேன். வீட்டுக்கு ஒரு மைமூனா இருந்தாள்.

போன மாதம் செங் ஊரிலிருந்து வந்த மகள் கைப்பேசியை நீட்டினாள். "ம்மா, இந்தியாவுல ஒருத்தரு இன்னும் கையாலயே பேனா கடையிறாராம். இத போஸ்ட்டுல அனுப்புனா அளவு பாத்து மூடி செஞ்சு குடுப்பாராம். அனுப்பிடவா?"

"வேணாம்."

"இத்தன வருஷமா தேடுனீங்களே?"

நான் தேடியது மூடியை இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

இப்போது பேங்குக்குப் போனால் பால் பேனாவைச் சங்கிலியில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அப்போது மூடியை வைத்துக்கொண்டாலே போதும், போனவர் திரும்பி வருவார் என்று நம்பினோம்.

நாகூர்ப் பக்கம் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பெட்டியைக் கொஞ்சம் பாருங்கள். பச்சையும் கறுப்புமாக, பேனா இல்லாத மூடி ஒன்று இருக்கிறதா? இருந்தால் தபாலில் அனுப்பிவிடாதீர்கள். அவளையே கொண்டுவரச் சொல்லுங்கள். பேனாவைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன்.

அவள் இல்லை என்றால்... மூடி அங்கேயே இருக்கட்டும். எனக்குச் சொல்ல வேண்டாம்.