ரிக்மோரின் ஏழாவது பிஸ்கட்

லெம்வி வட்டாரத்தில் ரிக்மோரின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் பாதிரியார், அவருக்குக் காது சரியாகக் கேட்காது. இன்னொருத்தி தங்கை யூட்டெ. அவள் அக்கா வீட்டுப் பக்கம் வந்து பதினோரு வருஷம் ஆகிறது.

ரிக்மோர் முப்பத்தொரு வருஷம் மீன் ஆலையில் தட்டைமீன் அறுத்தவள். அவள் கழிவறைக்குப் போய்வர எத்தனை நிமிஷம் ஆகிறது என்று மேஸ்திரி ஒருநாள் கடிகாரத்தைப் பார்த்தான். அடுத்த முறை போகும்போது, "வாய்யா, நீயும் உள்ள வந்தே பாரு" என்று எல்லார் முன்னாலும் கூப்பிட்டாள். அதோடு அவன் கடிகாரம் கட்டுவதையே விட்டுவிட்டான். ஓய்வு பெற்ற நாளில் ஆலையில் கொடுத்த பூங்கொத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுவும் மீன் நாத்தம்தான்" என்றாள். வருஷத்தில் ஒரே ஒரு நாள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை, தேவாலயத்துக்குப் போவாள். போய் நன்றாகத் தூங்கிவிட்டு வருவாள்.

அப்படிப்பட்டவள் பக்தியோடு செய்கிற காரியம் ஒன்று உண்டென்றால் அது கிறிஸ்துமஸ் பிஸ்கட். கிறிஸ்துமஸின் இரண்டாம் நாள், அதாவது டிசம்பர் இருபத்தாறு, மொத்தக் குடும்பமும் அவள் வீட்டில்தான் சாப்பிடும். காபி வரும்போது மேஜையில் ஏழு வகை பிஸ்கட் இருக்க வேண்டும். ஆறு இருந்தால் போதாதா என்றால் போதாது. நாத்தனார்கள் விரல்விட்டு எண்ணுவார்கள். மிளகு உருண்டை, இஞ்சி பிஸ்கட், முடிச்சுப் போட்டுக் கொழுப்பில் பொரித்தது என்று ஆறு வகை தவறாமல் வந்துவிடும். ஏழாவதான வனிலா வளையம் மட்டும் பதினோரு வருஷமாக வரவில்லை.

அந்தக் கதை கொஞ்சம் வெட்கக்கேடானது. அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் அக்காவும் தங்கையும் சமையலறையைக் காலி செய்யப் போனார்கள். அங்கே அம்மாவின் இறைச்சி அரைக்கும் இரும்பு மிஷின் இருந்தது. வருஷம் முழுக்க ஈரல் அரைக்கும். டிசம்பரில் கழுவி, வாயில் நட்சத்திர அச்சைப் பொருத்தி, வெண்ணெயும் பாதாமும் வனிலாவும் சேர்த்துப் பிசைந்த மாவைப் போட்டுச் சுற்றினால் முறுக்கு மாதிரி வரிவரியாக இறங்கும். துண்டு போட்டு வளைத்து அடுப்பில் வைத்தால் வனிலா வளையம். யூட்டெ அதற்குக் கை நீட்டினாள். மிஷின் எனக்கு என்று ரிக்மோர் அதைத் தூக்கினாள்.

"அம்மா படுக்கையில கெடந்தப்ப நீ எவ தலைக்கோ சுருள் வச்சிட்டிருந்த. இப்ப மிஷினு வேணுமா?"

யூட்டெ பக்கத்து ஊரான ஸ்ட்ரூவரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவள்.

"நீ அம்மாவப் பாத்துக்கிட்டது மிஷினுக்காகத்தான்னு எனக்குத் தெரியாமப் போச்சுக்கா" என்றாள். நட்சத்திர அச்சை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனவள்தான். மிஷின் ஒரு வீட்டில், அச்சு இன்னொரு வீட்டில். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் இரண்டாம் நாள் விருந்துக்கு யூட்டெயின் மகன் மட்டும் வருவான். அம்மாவுக்குத் தலைவலி என்பான். பதினோரு வருஷமாக ஒரே தேதியில் வருகிற தலைவலி.

ரிக்மோரின் புருஷன் வீகோ படகுத் தச்சன், சாதுவான மனுஷன். மூன்றாம் வருஷமே கடையில் ஓர் அச்சு வாங்கி வந்து கொடுத்தான். அவள் அதைப் புரட்டிப் பார்த்தாள். "நம்ம மிஷினுக்குப் பொருந்தாது" என்று சொல்லிக் கரண்டிகளுக்கு அடியில் போட்டாள். பொருத்திப் பார்க்கவே இல்லை. வீகோ அதைக் கவனித்தான்.

இந்த டிசம்பரில் யூட்டெயின் மகன் போன் செய்தான். அம்மா ஜனவரியில் வீட்டை விற்றுவிட்டுக் கோபன்ஹேகனுக்குத் தன்னோடு வந்துவிடப் போகிறாள் என்றான். ரிக்மோர் போனை வைத்தாள். நாட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போகிறவள் இனித் திரும்பியா வருவாள்? அன்று முழுக்க அவள் யாரையும் திட்டவில்லை. வீகோ பயந்துபோனான்.

மறுநாள் வெண்ணெயை எடுத்து மாவு பிசைந்தாள். பிழியும் பையில் போட்டு அழுத்தினாள். கல் மாதிரி மாவு; பை கிழிந்து பாதி மாவு வீகோவின் கண்ணாடியில் அப்பியது.

"உன் படகு இடுக்கு அடைக்கிற துப்பாக்கிய எடுத்துட்டு வா."

"அதுல சிலிக்கான் பசைதான போடுவேன்?"

"கழுவு."

மூன்று முறை கழுவியதாக அவன் பின்னால் எத்தனையோ முறை சத்தியம் செய்தான். துப்பாக்கியிலிருந்து இறங்கியவை வழவழவென்று, சொல்லக் கூசுகிற உருவத்தில் இருந்தன. வெந்த பிறகு ஒன்றைக் கடித்த ரிக்மோர் தொட்டியில் துப்பினாள். கடற்காகங்களுக்கு இரண்டை வீசினாள். அவை பார்த்தன, நடந்து போயின.

மிச்சத்தை அவள் நல்ல டப்பாவில் அடுக்கினாள்.

"யாருக்கு?" என்றான் வீகோ.

"யூட்டெக்கு. அச்சு இல்லாமலே செஞ்சுட்டேன்னு காட்டப்போறேன். அவளுக்குக் கோணலா ஒண்ணப் பாத்தா உடம்பு எரியும். 'இதெல்லாம் ஒரு வளையமா'ன்னு அச்ச எடுத்துட்டு வந்து நிப்பா பாரு."

"உனக்கு வேண்டியது அச்சா, தங்கச்சியா?"

"அச்சு" என்றாள் ரிக்மோர். இரும்பு மிஷினைப் போர்வையில் சுற்றிக் காரின் பின்சீட்டில் வைத்தாள். ஒருவேளை தேவைப்படலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

யூட்டெயின் வீட்டில் பாதிச் சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. கதவைத் திறந்தவள் இளைத்திருந்தாள். ரிக்மோர் அதைக் கவனித்தாள். கவனிக்காத மாதிரி வழக்கமான குரலில் ஆரம்பித்தாள்.

"தலைவலி தேவலையா?"

"உன்னப் பாத்ததும் வந்துருச்சு. உள்ள வா, குளிரு ஏறுது."

காபி வந்தது. ரிக்மோர் டப்பாவைத் திறந்து தள்ளினாள். "வனிலா வளையம். அச்சும் வேணாம் ஒண்ணும் வேணாம், கையாலயே செஞ்சது."

யூட்டெ டப்பாவுக்குள் பார்த்தாள். ரிக்மோர் காத்திருந்தாள். கணக்குப்படி இப்போது ஒரு சிரிப்பும், நாலு குத்தலும், பிறகு அலமாரி திறக்கும் சத்தமும் வர வேண்டும். யூட்டெ ஒன்றை எடுத்தாள். கடித்தாள். மென்றாள். காபி குடித்தாள்.

"நல்லாருக்குக்கா."

இன்னொன்றை எடுத்தாள்.

பிறந்ததிலிருந்து அக்கா சமையலை நல்லாயிருக்கு என்று ஒரு தடவை சொன்னவள் இல்லை யூட்டெ. ரிக்மோர் தங்கையை மேலும் கீழும் பார்த்தாள். இவளுக்கு ஏதோ பெரிய வியாதி, டாக்டர் நாள் குறித்துவிட்டான், அதனால்தான் கோபன்ஹேகன் என்று முடிவே செய்துவிட்டாள்.

"துப்புடி. அத மொதல்ல துப்பு. வீகோவோட சிலிக்கான் துப்பாக்கில பிழிஞ்சது. காக்கா கூடத் திங்கல."

"தெரியுது. குளியலறை இடுக்குல அடைக்கிற பசை வாசன வருது."

"அப்புறம் ஏன்டி திங்கற? உடம்புக்கு என்ன?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு." யூட்டெ மேஜையைப் பார்த்தபடி சொன்னாள். "நல்லா இல்லைன்னு சொன்னா நீ அச்சக் கேப்ப. அது இல்லக்கா. மொத வருஷமே, நீ போன் பண்ணுவன்னு நவம்பர் பூரா காத்திருந்தேன். பண்ணல. கோவத்துல துறைமுகத்துக்குப் போயி தண்ணில வீசிட்டேன். வீசுன கையோட அழுதேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உன் வீட்டுக்கு வர்றது? வந்தா மொதல்ல அதத்தான கேப்ப?"

ரிக்மோர் காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தாள்.

"வீட்ல ஒண்ணு கெடக்கு" என்றாள். "கடையில வாங்குனது. எட்டு வருஷமாக் கரண்டிக்கு அடியில."

"பொருந்துமா?"

"போட்டுப் பாக்கல."

யூட்டெ அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்காதவளை ரொம்ப நேரம் பார்த்தாள். கண் கலங்கியது, மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டாம் நாள் விருந்துக்கு வர்றவங்களுக்கு இதக் குடுத்தியோ, உன்னப் போலீஸ்ல புடிச்சுக் குடுப்பேன்" என்று டப்பாவை மூடினாள். "இரு, கோட்டு எடுத்துட்டு வர்றேன்."

காரின் பின்சீட்டில் இருந்த மிஷினை ரிக்மோர் தூக்கி, முன்னால் உட்கார்ந்த தங்கையின் மடியில் போர்வையோடு வைத்தாள்.

"என்னக்கா இது, தொடை ஒடியுது. பின்னாலயே கெடக்கட்டுமே."

"பதினோரு வருஷம் நான் தூக்கிட்டு அலைஞ்சேன்" என்று ரிக்மோர் காரைக் கிளப்பினாள். "லெம்வி வர்ற வரைக்கும் நீ வச்சிரு."