டிஏபி போடாத பாதி வயல்

கம்பெனி பஸ் ஓசூருக்குப் போகும் வழியில் பாலத்தைத் தாண்டும்போது, ஆற்றில் நுரை மிதந்தால் ஜன்னல்களை இழுத்து மூடுவோம். நாற்றம் அப்படியும் உள்ளே வரும். அதே தண்ணீர்தான் வாய்க்கால் வழியாக எங்கள் வயலுக்கும் பாய்கிறது. அதில் என் வீட்டுக்காரர் முட்டைக்கோஸ் போடுகிறார். அந்த நினைப்பு வந்துவிட்டால் ஷிப்ட் முடியும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது.

போன வருஷம் வயலுக்குக் கீழேயுள்ள குட்டை பெயிண்ட் கொட்டியதுபோல் பச்சையாகிவிட்டது. மாடு வாய் வைக்காமல் திரும்பியது. ஏன் இப்படி என்று கேட்க, வயல் மண்ணை எடுத்துக்கொண்டு இருவரும் வேளாண் அலுவலகத்துக்குப் போனோம். பரிசோதனை முடிந்ததும் அங்கிருந்த அதிகாரியம்மா கூப்பிட்டுச் சொன்னார்:

"உங்க மண்ணுல மணிச்சத்து, அதான் பாஸ்பரஸ், தேவைக்கு மேலயே இருக்கு. சாக்கடை, சோப்புத் தண்ணின்னு ஆத்துலயே நிறைய வருது. அதுக்கு மேல டிஏபி உரமும் போட்டா, மழையில அடிச்சிக்கினு குட்டைக்குத்தான் போவும். பாசி அதைத் தின்னுதான் கொழுக்குது."

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் பொரிந்தார். "பெங்களூரே ஆத்துல வுடுது. நான் ஒரு மூட்டை கொறைச்சா ஆறு சுத்தமாயிடுமா?"

"ஆறு ஆவாதுங்க. நம்ம குட்டையாச்சும் ஆவட்டுமே."

"கோசு சிறுத்துப்போனா?"

கடைசியில் பாதி வயலுக்கு மட்டும் டிஏபி வேண்டாம் என்று முடிவானது.

அதன்பிறகு அவருக்கு நிலைகொள்ளவில்லை. காலையும் மாலையும் வரப்பிலேயே நடந்தார். ஒருநாள் கையில் உரத்தோடு போடாத பக்கம் குனிந்திருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"ஒரு கைப்பிடிதான்" என்றார்.

"அப்புறம் எதை வெச்சுத் தெரிஞ்சுக்கறது?"

முணுமுணுத்தபடி உரத்தை மூட்டையிலேயே கொட்டினார். அறுவடையன்று இரண்டு பக்கத்துக் கோசையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார். "வித்தியாசமே தெர்ல" என்றார். குரலில் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகம்.

இந்தப் போகம் வயல் முழுக்க டிஏபி இல்லை. ஓடிவரும் உரத்தைப் பிடித்து நிறுத்தட்டும் என்று குட்டையோரம் புல்லும் வளர விட்டிருக்கிறோம். ஆனாலும் பாசி முழுசாகப் போகவில்லை. மேட்டு வயல்காரர் மூட்டை மூட்டையாகப் போடுகிறார். மழை பெய்தால் அது எங்கள் வழியாகத்தான் இறங்கும். அவரிடம் பேசச் சொல்லி வீட்டுக்காரரைத் துளைத்தெடுத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒருவழியாகப் போனார். உலை வைப்பதும் வாசலுக்கு வருவதுமாக இருந்தேன்.

"தெலுங்குல சொன்னேன், தமிழ்ல சொன்னேன்" என்று செருப்பைக் கழற்றினார். "ஓரமா ரெண்டு பாத்தி மட்டும் டிஏபி போடாம வுட்டுப் பாக்கறாராம்."

"ரெண்டே ரெண்டா?"

"நானும் பயந்துக்கினுதானே வுட்டேன்" என்றார்.

அன்று மாலையே மேகம் திரண்டது. மேட்டு வயல் தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று பார்க்கக் குட்டைப் பக்கம் போய் நின்றேன்.