ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கும் வரை

அம்மா பகலில் தூங்கி நான் முதன்முதலாகப் பார்த்தது மூன்றாம் வகுப்பு படிக்கும்போதுதான். அதற்கு அவருக்கு நெஞ்சு வலி வரவேண்டியிருந்தது.

ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் அம்மாவுக்கு வேலை. விடிவதற்கு முன்பே தொழிற்சாலை வேன் பாயா ரும்புட்டில் எங்கள் வரிசை வீடுகளின் முனைக்கு வந்து ஹாரன் அடிக்கும். அதற்குள் சமையல் முடிந்திருக்கும், என் பள்ளிச் சீருடை தேய்த்து மாட்டியிருக்கும், அப்பாவின் மதியச் சாப்பாடு டப்பாவில் அடைபட்டிருக்கும். ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலை இருக்கும் நாளில் இருட்டிய பிறகுதான் வருவார். வந்ததும் மறுபடி அடுப்படி. அப்பா ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அவருக்கு வீட்டுக்கு வந்தால் கத்துவதற்கு ஏதாவது வேண்டும். குழம்பில் உப்பு, காயாத சட்டை, நான் சத்தம் போட்டுப் படிப்பது, நான் படிக்காமல் இருப்பது. ரொம்பக் கோபம் வந்தால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். அம்மா குனிந்து சோற்றைக் கூட்டி அள்ளுவார். எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் அம்மா வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். கிளினிக்கில் காட்டினார்கள், அவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இருதயத்தை ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்தவர் எதுவும் சொல்லவில்லை. ஸ்பெஷலிஸ்ட்தான் சொல்ல வேண்டுமாம். ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க இன்னும் சில மாதம் ஆகுமாம். அதுவரை பாரம் தூக்கக்கூடாது, அலட்டிக்கொள்ளக்கூடாது, மெதுவாக நடக்கலாம். முடிவு தெரியாமல் வேலைக்கு வர வேண்டாம் என்று தொழிற்சாலையிலும் சொல்லிவிட்டார்கள்.

இருதயத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததால் எல்லோரும் பயந்தார்கள். எல்லோரையும்விட அப்பா பயந்தார். அம்மாவை "ஏய்" என்று கூப்பிடுபவர் "என்னம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். வேலை முடிந்து வரும்போது மீ கோரிங் நூடுல்ஸ் பொட்டலம் வாங்கி வந்தார். துணி துவைத்து, கொடியில் சட்டைகளைத் தலைகீழாகக் காயப்போட்டார். நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் வேலி வழியாக அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு சிரித்தார். புக்கிட் பெருவாங்கில் இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அப்பா அம்மா கல்யாணத்தில் தனக்கு மரியாதை செய்யவில்லை என்று அம்மாவோடு பேச்சை நிறுத்தியிருந்தவர். அவரும் மீன் குழம்போடு வந்தார்.

"நீ ஒக்காரு லா. எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அம்மா உட்கார்ந்தார். உட்காரத் தெரியாதவர்போல முதலில் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். போகப்போகச் சாய்ந்துகொண்டார். மதியம் பள்ளிவிட்டு வந்தால் கூடத்தில் பாய் விரித்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருப்பார். எழுந்ததும் என் தலையை வாரி, இரட்டைப் பின்னல் போட்டுவிடுவார். சாயங்காலம் இருவரும் திடலுக்கு மெதுவாக நடப்போம். எஸ்டேட் பள்ளியில் படித்தபோது ஓட்டப் பந்தயத்தில் தான்தான் எப்போதும் முதல் என்று அங்கே ஊஞ்சலில் ஆடியபடி சொன்னார். நான் நம்பவில்லை. அம்மா ஓடுவார் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. பார்க்கும் தேதியை இன்னும் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் எத்தன நாளு இப்படியே கெடக்கிறது?"

"பரவால்ல லா, வரட்டும்" என்றார் அம்மா. அன்று எந்த விசேஷமும் இல்லை. ஆனாலும் முந்திரி போட்டு, நெய் விட்டுக் கேசரி கிண்டினார். டாக்டரிடம் போகப் பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தபடி நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த நாளும் வந்தது. பள்ளி விடுமுறை என்பதால் என்னையும் அழைத்துப் போனார்கள். நீண்ட நேரம் காத்திருந்து உள்ளே போனோம். ஸ்பெஷலிஸ்ட் இள வயதுப் பெண். மலாயில் பொறுமையாகச் சொன்னார். இருதயத்தில் ஒரு வால்வு கொஞ்சம் கசிகிறது. இப்போதைக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. வழக்கம்போல் இருக்கலாம், வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும்.

"வேலைக்குப் போலாமா?" என்று அப்பா கேட்டார்.

போகலாம் என்றார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, வீட்டில் எல்லாம் நன்றாக இருக்கிறதா, மனசுக்குக் கஷ்டம் ஏதும் உண்டா என்று கேட்டார். அம்மா வாயைத் திறந்தார்.

"வீட்டுல எல்லாம் ஓகே லா, டாக்டர்" என்று மலாயில் பதில் சொன்னது அப்பாதான்.

டாக்டர் இன்னும் சற்று நேரம் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வாயை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் அம்மா அழுதார். காரின்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். "சந்தோசத்துல அழுவுறாங்க உங்கம்மா" என்று அப்பா சொன்னார். எனக்கும் சந்தோஷம். அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

வழியில் அத்தை வீட்டில் நிறுத்திச் செய்தி சொன்னோம். "அட, ஒன்னும் இல்லையா? இதுக்கா இவ்வளவு நாளு எல்லாரையும் அலைய விட்ட?" என்றார் அத்தை. காப்பி கலக்க அம்மாவே எழுந்து அடுப்படிக்குப் போனார். உட்காரச் சொல்ல ஆள் இல்லை.

அடுத்த வாரமே வேன் ஹாரன் அடித்தது. மீ கோரிங் நின்றது. அத்தை மறுபடி பேச்சை நிறுத்தினார். இந்த முறை காரணம், அம்மா நடித்து ஏமாற்றிவிட்டார் என்பது. தட்டு மறுபடி பறந்த அன்று அப்பா கத்தியது எனக்கு நினைவிருக்கிறது.

"நெஞ்சு வலின்னு நாடகம் போட்டு மாசக்கணக்கா கால நீட்டிப் படுத்திருந்தவதானே நீ?"

அம்மா குனிந்து அள்ளினார்.

அதற்குப் பிறகு நெஞ்சு வலிக்கிறது என்று அம்மா வாயிலிருந்து வந்ததே இல்லை. வலிக்கவில்லை என்பதல்ல. நான் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு, கால்கள் வீங்கி, ஒரு மாடிப்படி ஏற மூன்று இடத்தில் நின்றபோதுதான் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அந்தக் கசிவு இத்தனை ஆண்டுகளில் பெரிதாகிவிட்டிருந்தது. இடையில் ஏன் ஒருமுறைகூட வரவில்லை என்று டாக்டர் கேட்டார்.

ஏன் என்று எனக்குத் தெரியும். அந்த ஸ்பெஷலிஸ்டைப் பார்த்த மறுவருஷம், காட்டவேண்டிய நாளன்று நான் வாசலில் நின்றிருந்தேன். அம்மா சீருடை அணிந்து, பையை மாட்டிக்கொண்டு வேனுக்குக் கிளம்பினார்.

"அம்மா, இன்னிக்கு ஆஸ்பத்திரி இல்லையா?"

"எதுக்கு? இன்னொரு தடவ ஒன்னும் இல்லன்னு கேட்டுட்டு வரவா?"

சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போனார். என் தோழிகளின் அம்மாக்கள் எல்லாம் ஊசி என்றாலே நடுங்குகிறவர்கள். என் அம்மாவுக்கு டாக்டர் என்றால் பயமே கிடையாது என்று அன்று பள்ளியில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.