பெரிதாகக் கட்டிய பொட்டலம்

முருகனை நம்பியிருக்கும் அன்பர்களே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஓர் ஆடி மாதம் எனக்கு வயிற்றால் இரத்தமும் சளியுமாகப் போகத் தொடங்கியது. அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து மாட்டு வண்டியில் சரக்கு கொண்டுவந்து, பதுளைக் கடைத்தெருவில் நாட்டு மருந்து விற்றுவந்தேன். ஊருக்கு மருந்து கொடுத்தவன் நாளுக்குப் பதினைந்து தடவை கொல்லைக்கு ஓடினேன். ஆஸ்பத்திரி மருந்துக்குச் சில நாள் அடங்கும், பிறகு திரும்பிவிடும். ஐப்பசியில் இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. செத்துப்போவேன் என்றே நினைத்தேன்.

ஆனாலும் தினமும் நான் காய்ச்சிக் குடித்த என் கஷாயத்தின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மாதுளந்தோல், வில்வப்பூ, நன்னாரி வேர், நிலாவாரை எல்லாம் ஒரே சட்டியில் கொதிக்கும். நிலாவாரை பேதிக்குக் கொடுப்பது. கெட்டது கழியட்டும் என்று நான்தான் சேர்த்தேன். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயங்களில் குடியிருந்த கூலி ஆட்களுக்கும் அதே கலவையைக் கைகண்ட மருந்து என்று விற்றேன்.

"இந்தத் தண்ணிய நிப்பாட்டித்தான் பாருங்களேன்" என்று என் மனைவி மீனாட்சி அழுதாள். அவள் மேல் எரிந்து விழுந்தேன். கடைசியில், முருகன் படத்தின் முன் பூக்கட்டிப் பார்ப்பதென்று முடிவானது. சிவப்புப் பூ வந்தால் கஷாயத்தைத் தொடர்வது, வெள்ளைப் பூ வந்தால் நிறுத்துவது. இரண்டையும் வாழையிலையில் தனித்தனிப் பொட்டலமாக நானே கட்டினேன். என் புத்தியைக் கேளுங்கள். குழந்தை பெரியதைத்தானே எடுக்கும் என்று சிவப்பைப் பெரிதாகக் கட்டினேன்.

"முருகா, வழி காட்டு" என்று வாய் சொன்னது. நாலு வயது மகள் சின்னதை எடுத்தாள்.

"பிள்ளைக்குத் தெரியல. இன்னொரு தடவை எடுக்கட்டும்" என்றேன்.

"முருகன்கிட்டயே பேரம் பேசுறீங்களா?" என்றாள் மீனாட்சி.

சின்னப் பொட்டலத்தைப் பிரித்தேன், வெள்ளைப் பூ. அன்றுதான் உண்மையாகவே அழுது, கதிர்காமத்துக்கு நடந்துவருகிறேன் என்று நேர்ந்து கும்பிட்டேன்.

கஷாயத்தை நிறுத்தினேன். கஞ்சித் தண்ணீர் மட்டும் குடித்தேன். பத்து நாளில் ஓட்டம் பாதியாகக் குறைந்தது. அதன்பின் ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியாக வாரம் ஒன்றாகக் குடித்துப் பார்த்தேன். வில்வப்பூத் தண்ணீர் வயிற்றுக்கு இதமாக இருந்தது. நிலாவாரை குடித்த மறுநாளே இரத்தம் வந்தது. எனக்குப் பயத்தைவிட வெட்கமே அதிகம். இதைத்தானே அத்தனை பேருக்கும் விற்றேன்?

தைப்பூசம் கழிந்து மடுல்சீமைக்குப் போனேன். லயம் லயமாக ஏறி, "அந்தக் கலவையைக் குடிக்காதீங்க, தப்பு என்னுதுதான்" என்று சொன்னேன். ஒரு பெண் மீதிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டுவிட்டு, பேசாமல் உள்ளே போனாள். அவள் வீட்டில் யாருக்கு என்ன ஆனது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

என் நோய் அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். சில வருஷம் எட்டிப் பார்க்கும். வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், முருகனையும் கூப்பிடுகிறேன். அன்று முதல் கலவை விற்பதில்லை. கதிர்காமத்துக்கு நடந்துபோய் என் நேர்த்தியைச் செலுத்திவிட்டேன்.

அன்பர்களே, அவனை நம்பிக் கேளுங்கள், வழி காட்டுவான். கேட்கும்போது இரண்டு பொட்டலத்தையும் ஒரே அளவாகக் கட்டுங்கள்.