சிவப்புக் கட்டத்துக்குள் ஒருவர்

பூந்தமல்லிக்கு அருகே நான் பாடம் நடத்தும் பொறியியல் கல்லூரிக்கு, மாணவர்களின் புராஜெக்டுகளை மதிப்பிட வெளியிலிருந்து ஒருவர் வந்தார். நரைத்த தாடி, கசங்கிய சட்டை. யார் எதைச் செய்து காட்டினாலும் முதலில் தன் மேலேயே சோதித்துப் பார்ப்பார்.

ஒரு மாணவன், தொழிற்சாலையில் வேலை செய்யாமல் சும்மா இருப்பவர்களைக் கண்டுபிடிக்கும் கேமரா செய்திருந்தான். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தார். சற்று நேரத்தில், திரையில் அவரைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"எனக்கு முட்டி வலிக்குதுப்பா. அதை இதுகிட்ட எப்படிச் சொல்றது?"

"சொல்ல முடியாது சார். கைய ஆட்டிக்கினே இருந்தா பச்சை ஆயிடும்."

"யாரை வச்சு டெஸ்ட் பண்ணே?"

"எங்கம்மாவ சார். பாடி பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போறாங்க. ஊட்டுல உக்கார வெச்சு எடுத்தேன்."

"அந்தக் கம்பெனியில இதை மாட்டலாமா?"

மாணவன் கேமராவைத் திரும்பிப் பார்த்தான்.

"யோசிச்சுச் சொல்லு. மார்க்குக்கு இல்ல. நான் உக்காந்திருக்கேன்."

அவன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் அசையாமல் நின்று யோசித்தான். அவனைச் சுற்றியும் சிவப்புக் கட்டம் விழுந்தது. இம்முறை யாரும் கைதட்டவில்லை. அவர் திரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு மார்க் போட்டுவிட்டுப் போனார்.

நிர்வாகத்துக்கு அந்தக் கேமரா பிடித்துப்போய்விட்டது. இப்போது ஆசிரியர் அறையில் அதுதான் இருக்கிறது. அவரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நினைக்கும்போது கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன்.