கால் டியூப்

என் அம்மா சம்பங்கி ஓசூரில் ஒரு கம்பெனியில் பயிற்சி ஆளாக இரண்டு வருடத்துக்கும் குறைவாகத்தான் வேலை பார்த்தாள். பிறகு சாகும்வரை கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலையில். ஆலையைப் பற்றிப் பேசினால் “மாங்கா வேல” என்பாள். ஓசூரைப் பற்றிப் பேசினால் “எங்க கம்பெனி” என்பாள். அவளை வேண்டாம் என்று அனுப்பியது அந்தக் கம்பெனிதான்.

ராயக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் அவளுடையது. வீட்டில் எல்லோரும் பிறர் நிலத்தில் தக்காளி பறித்தவர்கள். அம்மா பத்தாவது தேறினாள். எண்பதாம் வருடம் ஓசூர் சிப்காட்டில் புதிய கம்பெனிகள் ஆள் எடுத்துக்கொண்டிருந்தன. விரல் மெலிந்த பெண்களாகப் பார்த்து எடுத்த ஒரு கம்பெனியில் அவளுக்கு இடம் கிடைத்தது. பயிற்சி முடிந்ததும் சிலரை நிரந்தரம் செய்வார்கள். நிரந்தரமானால் மறுபடி தக்காளித் தோட்டத்துக்குப் போக வேண்டியதில்லை. அம்மாவுக்கு வேறு கனவு எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அங்கே டெலிபோன் எக்சேஞ்சுகளுக்கு ரிலே செய்தார்கள். ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் ஒரு சின்ன சுவிட்சு. சுருளில் மின்சாரம் பாய்ந்தால் கடுகளவு வெள்ளிப் புள்ளிகள் இரண்டு ஒன்றையொன்று தொடும், நின்றால் பிரியும். தொடும் இடத்தில் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் மின்சாரம் போகாது. அந்தப் புள்ளிகளைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துச் சரிசெய்வது அம்மாவின் வேலை. அவள் கை நடுங்காது. முதல் வருடத்தில் அவள் செய்த ரிலேக்கள் சோதனையில் தோற்றதே இல்லை என்று அவளோடு வேலை பார்த்தவர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

முகத்தில்தான் சிக்கல். நெற்றி, கன்னம், தாடை எங்கும் பரு; சீழ் வைத்த பரு. குனிந்து வேலை செய்யும்போது அரிக்கும். அறியாமல் கை போகும். சூப்பர்வைசர் வெங்கடசாமி ஒருநாள் அவள் மேசைக்குப் பக்கத்தில் நின்று, மூஞ்சியைத் தொட்ட கையால் பாயின்ட்டைத் தொடாதே, எண்ணெய் ஒட்டும் என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னது சரியும்கூட. நான் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நிரந்தரம் செய்வதற்கு ஆறேழு மாதமே இருந்தது. அம்மா பயந்துபோனாள். வேப்பிலை அரைத்துப் போட்டாள், சந்தனம் போட்டாள், கடலை மாவு போட்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

பக்கத்து மேசை நாராயணம்மாதான் பெங்களூர் டாக்டரைப் பற்றிச் சொன்னது. நாராயணம்மாவின் வீட்டில் பேசுவது தெலுங்கு. கன்னடம் நன்றாகத் தெரியும். தமிழ் கம்பெனிக்கு வந்து பழகியது. அவள் நாக்கு மடங்காது. “நான் பல்லிக்கூடம் போவும்போது” என்று ஆரம்பித்தால் மேசை முழுக்கச் சிரிக்கும். “பல்லிக்கெல்லாம் உங்க ஊர்ல யாரும்மே வாத்தியாரு?” என்று அம்மாவே கேட்டிருக்கிறாள். நாராயணம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள். “உங்க சூப்பர்வைசருதான்,” என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறி அத்திப்பள்ளி தாண்டிப் போனார்கள். டாக்டர் வயதானவர். தமிழ் தெரியாது. கன்னடத்தில் நிதானமாக விளக்கினார். அப்போது புதிதாக வந்திருந்த களிம்பு. ராத்திரியில் முகம் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு போட வேண்டும். வெயிலில் போகக் கூடாது. முதல் சில வாரம் எரியும், சிவக்கும், தோல் உரியும், பரு இன்னும் கூடியதுபோல் தெரியும். பயந்து நிறுத்திவிடக் கூடாது. அதற்குப் பிறகுதான் குணம் தெரியும். எவ்வளவு போடுவது என்று அம்மா கேட்கச் சொன்னாள். நாராயணம்மா கேட்டாள். டாக்டர் சொன்னார். நாராயணம்மா அம்மா பக்கம் திரும்பினாள்.

“ஒரு காலு போட்டா போதுமாம்.”

அம்மா தலையாட்டினாள். அரை மாத்திரை, கால் மாத்திரை என்று மருந்தை அளந்தே கேட்டுப் பழகிய காது. ஒவ்வொரு ராத்திரியும் கால் டியூப் என்று புரிந்துகொண்டாள்.

அந்தக் களிம்பில் இருந்த மருந்து ட்ரெடினாயின். வைட்டமின் ஏ-யின் உறவு. மேல்தோலை வேகமாகப் புதுப்பிக்கும், அடைத்த துவாரங்களைத் திறக்கும். மெல்லிய படலமாகத் தடவ வேண்டியது. அம்மா சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதுபோல் பூசினாள். அவள் தங்கியிருந்தது மத்திகிரி ரோட்டில், சித்தி ரங்கம்மா வீட்டில். நாராயணம்மா தன் அக்கா வீட்டில் இருந்தாள். எவ்வளவு பூசுகிறாள் என்று பார்த்துச் சொல்ல யாரும் இல்லை. ஒரு டியூப் ஒரு வாரம்கூட வரவில்லை. அடுத்ததை வாங்கினாள்.

முகம் வெந்தது. கண்ணோரம் வீங்கியது, வாயோரம் வெடித்தது. சித்தி அம்மை என்று நினைத்து வாசலில் வேப்பிலை செருகினாள். அம்மா அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். எரியும், சிவக்கும், உரியும், நிறுத்தாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். எல்லாமே அவர் சொன்னபடிதான் நடந்தது. அதனால் எரிய எரிய நம்பினாள். நாராயணம்மாவும் அவள் முகத்தைப் பார்த்துப் பதறி, பிறகு டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தித் தைரியம் சொன்னாளாம். கேன்டீனில் மற்றவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். பெரிய வியாதி என்று ஒருத்தி சொன்னது அம்மாவின் காதில் விழுந்தது. அரிப்பு நின்றிருந்தது. கை முகத்துக்குப் போகவில்லை. வெங்கடசாமி பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தாள்.

அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அம்மாவின் ரிலேக்கள் சோதனையில் தோற்க ஆரம்பித்திருந்தன. சுருள் சரி, ஸ்பிரிங் சரி, புள்ளிகள் நேராகத்தான் இருந்தன. மின்சாரம் மட்டும் போகவில்லை. ஒன்றைக் கழற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

“என்னம்மா தெரியுது?”

வெள்ளிப் புள்ளியின்மேல் கண்ணாடித்தாள் துணுக்குபோல் ஒன்று ஒட்டியிருந்தது. ஓரம் சுருண்டிருந்தது. அம்மாவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“தோலு சார்.”

“யாரு தோலு?”

அந்த நேரத்திலும் உதடு அசைந்தால் இன்னொன்று உதிரும் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டதாக அம்மா பின்னால் சொன்னாள்.

உதிர்வது நிற்கும்வரை அவளைப் பேக்கிங்கில் போடலாம் என்று வெங்கடசாமி எழுதிக் கேட்டார். பயிற்சி ஆளுக்கு வேறு பிரிவு கிடையாது என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்த ரிலேக்கள் எல்லாம் அவள் பெயரில் ஏறின. பயிற்சி முடிந்தபோது நாராயணம்மா நிரந்தரமானாள். அம்மா வரத் தேவையில்லை என்றார்கள். முகத்தில் தோல் நோய் என்று காரணம் சொன்னார்களாம்.

அவள் களிம்பை நிறுத்தினாள். அடுத்த வருடம் கல்யாணம். அப்பா கங்கப்பன் குந்தாரப்பள்ளியில் லாரி கிளீனர். அதற்கடுத்த வருடம் நான் பிறந்தேன். நான் பிறந்த கையோடு அம்மாவுக்குப் பரு தானாகவே நின்றுவிட்டது. எந்த மருந்தும் இல்லாமல். கன்னத்தில் சில குழிகள் மட்டும் மிஞ்சின. நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே மாங்கூழ் ஆலைக்குப் போக ஆரம்பித்தாள். வெந்நீரில் முக்கிய பழத்தைத் தோல் உரிக்கும் வேலை. காம்பிலிருந்து வழியும் பால் பட்டுக் கை வேகும். சீசன் முடியும்வரை விரல்களில் தோல் நிற்காது.

“தோலு உரிஞ்சிதுன்னு ஒரு கம்பெனி தொரத்துச்சி,” என்பாள். “தோலு உரிக்கத் தெரியுமான்னு ஒண்ணு எடுத்துக்கிச்சி.”

வீட்டுக்கு யார் வந்தாலும் இதைச் சொல்வாள். அவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

தொண்ணூற்றெட்டில் நான் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அதே பரு. அம்மா களிம்பு என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. நான் பிடிவாதம் பிடித்ததால் கூடவே வந்தாள். இப்போது ஓசூரிலேயே தோல் டாக்டர் இருந்தார். கன்னடக்காரர், தமிழ் பேசுவார். அவர் எழுதிக் கொடுத்த பெயரை நான் படித்தேன். அம்மாவுக்குத் தெரிந்த பெயர். எழுந்துவிடப் போனாள். அதற்குள் டாக்டர் எனக்கு அளவு சொன்னார். முகம் முழுக்கவும் சேர்த்து ஒரு அவரைக்காளு அளவு.

காளு என்றால் கன்னடத்தில் பயறு. ஓசூரில் அவரைக்காளு தெரியாதவர்கள் கிடையாது. பனிக்காலத்தில் வீட்டுக்கு வீடு அந்தப் பருப்பில்தான் குழம்பு. அம்மா பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள்.

“காலா, காளா டாக்டர்?”

அவருக்குப் புரியவில்லை.

“கால் டியூபா?”

டாக்டர் சிரித்தார். “கால் டியூப் போட்டா பொண்ணு மூஞ்சி வெந்துடும்மா.”

“ஆமா டாக்டர்,” என்றாள் அம்மா. “வெந்துடும்.”

திரும்பி வரும் பஸ்ஸில் சூளகிரி தாண்டியதும், “நாராயணம்மாவுக்குக் கன்னடம் தெரியாது,” என்றாள். “தெரிஞ்ச மாதிரி தலைய ஆட்டிக்கினு உக்காந்திருந்தா. அவ நிரந்தரம் ஆயிட்டா.”

அதுவரை நாராயணம்மா வருடத்தில் இரண்டு மூன்று முறை எங்கள் வீட்டுக்கு வருவாள். அந்த நாளோடு அம்மா அவளுடன் பேச்சை நிறுத்தினாள். காரணம் சொல்லவில்லை. அவள் மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து பத்திரிகை வைத்தபோது அம்மா பின்கட்டிலேயே இருந்துவிட்டாள். நான்தான் வாங்கிக்கொண்டேன். எனக்கும் அவள்மேல் அதே கோபம்தான். அந்தக் களிம்பை அவரைக்காளு அளவில் போட்டு எனக்குப் பரு போய்விட்டிருந்தது. கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவின் வேலை போனது நினைவுக்கு வரும். ஒரு சொல்லைச் சரியாகக் கேட்டிருந்தால் போதும்.

அம்மா போன மாதம் சிறுநீரகம் கெட்டு இறந்தாள்.

காரியத்துக்கு நாராயணம்மா வந்தாள். ஓய்வு பெற்றுவிட்டாள், தலை நரைத்துவிட்டது. அம்மா படத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு என் கையைப் பிடித்து, உங்கம்மா எதற்காக என்னோடு பேசாமலே போனாள் என்று கேட்டாள். நான் சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னது காளு. நீங்கள் அதைக் கால் என்று மாற்றிச் சொன்னீர்கள். அம்மா கால் டியூப் போட்டாள்.

அவள் என் கையை விட்டாள்.

“நானும் அதானே சொன்னேன்? ஒரு காலு. அவரக்காலு அலவு.”

இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னாள். அப்படியேதான் வந்தது, பல்லிக்கூடம்போல்.

“வாத்தியாரு கேட்ட கேல்விக்கு பதில் சொல்ற மாதிரி இருக்குதுடி,” என்றாள். “நான் என்னா தப்பா சொன்னேன்?”

“தப்பா எதுவும் சொல்லல அத்த,” என்றேன்.

அவள் அம்மாவின் படத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நிரந்தரம் ஆகும்போது கொடுக்க வேண்டும் என்று கம்பெனிக்காக எடுத்து வைத்திருந்த படம் அது. களிம்புக்கு முன்னால் எடுத்தது. முகம் நிறையப் பரு.