அப்பா போட்ட இரட்டைச் சடை

ஏலப்பாறைக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டில் மீசை வைத்த ஆண்கள் எல்லாரும் சிரித்தது என் சடையைப் பார்த்துத்தான். அம்மா விடியுமுன்பே கொழுந்து கிள்ளப் போய்விடுவாள். பாக்டரியில் இரவு வேலை முடித்து வரும் அப்பாதான் லயத்து வீட்டு வாசலில் என்னை உட்கார வைத்து இரட்டைச் சடை போடுவார். அடுத்த வீட்டுத் தாய்மாமா அதைப் பார்க்கவென்றே டீ கிளாசோடு வெளியே வருவார்.

"என்ன மாப்ள, உமக்கும் ஒரு முழம் பூ வாங்கியாரவா?"

அப்பா வகிடு எடுப்பதிலேயே கண்ணாக இருப்பார். மானம் போவது எனக்குத்தான். "இதெல்லாம் யாருகிட்டப்பா படிச்சீக?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"எங்கப்பாகிட்ட" என்றார். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை மொட்டை போட்டுக்கொள்ளப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லி அடியும் வாங்கினேன்.

அந்த ஞாயிறு பார்த்து வாசகசாலைக்காரர்கள் மைதானத்தில் திரை கட்டினார்கள். வெளிநாட்டுச் சண்டைப் படம் என்றதும் மாமா முன்வரிசையில் இடம் பிடித்தார். பாவம், சண்டை முடிந்த பிறகுதான் படமே தொடங்கியது. இடிந்துபோன ஊர். மனைவியைப் பறிகொடுத்த பட்டாளத்துக்காரன் ஒருவன் செங்கல் குவியல்மேல் உட்கார்ந்து மகளுக்குச் சடை பின்னுகிறான். பின்னப் பின்ன அவிழ்கிறது. அந்த ஆறடி ஆள் தேம்பித் தேம்பி அழுதான். மைதானமே சிரித்தது.

"ஆம்பளையாடா இவன்!" என்று கத்தினார் மாமா.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! எழுந்து நின்று, "எங்கப்பா இதவிட நல்லாப் பின்னுவாக!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். சிரிப்பு நின்றது. பெண்கள் பக்கமிருந்து மாமாவின் மனைவி, என் அத்தை, எழுந்தாள்.

"நல்லாக் கேளு புள்ள! இந்த மனுசன் பெத்த மகளுக்கு ஒரு சீப்பு எடுத்துக் குடுத்ததுண்டா?"

அவ்வளவுதான். பெண்கள் எல்லாரும் கைதட்டினார்கள், சில பேர் விசிலே அடித்தார்கள். பெருமையாக அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் திரையையே பார்த்தபடி என் சடை நுனியை இறுகப் பிடித்திருந்தார்.

மறுநாள் காலை பரட்டைத்தலை மகளோடு மாமா வந்து நின்றார், கையில் சீப்பு. "மாப்ள, எனக்கும் சொல்லிக்குடும்" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். எனக்குக் கேட்டது! பாடம் படிக்க என் தலையைத்தான் கொடுத்தேன். அவர் போட்ட கோணல் சடையோடு பள்ளிக்கூடம்வரை தலைநிமிர்ந்து நடந்தேன்.

"எங்கப்பாகிட்ட" என்று அப்பா அன்று சொன்ன பதில் வேடிக்கை இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. யுத்தகாலத்தில் பர்மாவிலிருந்து, தாயை இழந்த பிள்ளைகளோடு நடந்தே வந்த தாத்தா, வழியெல்லாம் தன் கடைசி மகளுக்குச் சடை பின்னிவிட்டாராம். பக்கத்தில் ரிப்பனைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுவன்தான் அப்பா. அப்பாவின் தங்கையான அந்தச் சின்ன அத்தை ஊர் வந்து சேரவில்லை. அவளுக்குப் போட்ட சடையைத்தான் நான் எஸ்டேட் முழுக்க ஆட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.